வங்கதேசத்துக்கு முதல் பயணம்: பத்து நாளை எப்படிப் பிரிப்பது?

டிசம்பர் கடைசியில் கணவனும் மனைவியுமாகப் பத்து நாள் வங்கதேசம் போக நினைக்கிறீர்கள். எங்கெங்கே போகலாம், பாதுகாப்பு எப்படி, மனைவி சுத்த சைவம் என்பதால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் "அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள்" என்றும் ஒரு வரி. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. டூர் கம்பெனி எதுவும் இல்லாமல் இரண்டு பேர் தனியாகச் சமாளிக்க முடியுமா, போய்வந்தால் மனசு நிறையுமா? முடியும், நிறையும். ஒரே ஒரு நிபந்தனை: இந்தியாவுக்குள் சுற்றுவதுபோல ஒரு நாளுக்கு ஓர் ஊர் என்று திட்டம் போடாதீர்கள். அது ஆறுகளின் நாடு. வரைபடத்தில் நூறு கிலோமீட்டராகத் தெரிவது நெரிசலிலும் பனிமூட்டத்திலும் ஒரு முழுப் பகலைத் தின்றுவிடும். பத்து நாளுக்கு மூன்று தங்கல் போதும்.

முதலில் விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்த பிறகு இரண்டு நாட்டு விசா அலுவலகங்களும் மூடுவதும் திறப்பதுமாக இருந்திருக்கின்றன. அதனால் வலைத்தளத்தில் இருப்பதை மட்டும் நம்பாமல், தூதரக அலுவலகத்தில் நேராகவோ தொலைபேசியிலோ கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டில் முத்திரை விழும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எதையும் எடுக்க வேண்டாம். கொல்கத்தா–டாக்கா மைத்ரி ரயில் 2024 ஜூலையில் நின்றது. பழைய பயணக் குறிப்புகளில் அதைப் பற்றிப் படித்துவிட்டு அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். விமானம்தான் நிச்சயம். சென்னையிலிருந்து நேரடி விமானம் உங்கள் தேதிக்குக் கிடைக்காவிட்டால் கொல்கத்தா வழியாகப் போகலாம். அங்கிருந்து ஒரு மணி நேரப் பறப்புத்தான்.

பணத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். நேபாளம், பூட்டான்போல இந்திய ரூபாய் அங்கே கடைகளில் செல்லாது. யுபிஐ கிடையாது. உள்ளூர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் பிகாஷ் என்ற கைபேசிப் பணத்தை நீட்டுவார்கள்; ஓரிரு வாரத்துக்கு வரும் வெளிநாட்டவருக்கு அது பயன்படாது. ஆகவே அமெரிக்க டாலர் நோட்டுகளைக் கிழிசல், கறை, பேனாக் கிறுக்கல் இல்லாமல் கொண்டுபோங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்து வையுங்கள். அவர்கள் பணத்தின் பெயரும் தலைநகரின் பெயரும் தமிழில் ஒன்றாகிவிடும் என்பதால் பணத்தை இங்கே டக்கா என்று எழுதுகிறேன். மாற்றியதும் பாதியைச் சில்லறையாகக் கேளுங்கள்: 10, 20, 50, 100 நோட்டுகள். ரிக்‌ஷாக்காரரிடம் 1,000 டக்கா நோட்டை நீட்டினால் பேரமே பேச முடியாது. மாற்றிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பும்போது மீந்ததை டாலராக்க அது தேவைப்படலாம். விமான நிலையத்திலேயே சிம் வாங்கிவிடுவது நல்லது. கடவுச்சீட்டைக் காட்டி விரல் ரேகை பதிய வேண்டும். ஊருக்குள் சிறு கடைகளில் வெளிநாட்டவருக்குத் தயங்குவார்கள். நம் மின்சார பிளக் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வையுங்கள்.

நீங்கள் தேர்ந்த மாதம் நல்ல மாதம்தான். மழை இல்லை, புழுக்கம் இல்லை. ஆனால் டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் ஆற்றுப் படுகை முழுவதும் பனி இறங்கும். காலை விமானங்கள் தாமதமாகும். படகுகள் நடு ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் டாக்காவில் இருங்கள். இன்னொன்று, அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் மாலை எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். பஸ், ரயில், லாஞ்ச் எனப்படும் பயணிகள் கப்பல் எல்லாம் நிரம்பிவிடும். உங்கள் நீண்ட பயணங்களை ஞாயிறு முதல் புதன்வரை வைத்தால் பாதித் தொல்லை குறைந்தது.

நான் சொல்லும் பாதை இது. முதல் இரண்டு இரவு டாக்கா. மூன்றாம் நாள் இரவு லாஞ்ச் ஏறி பரிசால். நான்காம் நாள் பரிசாலின் வாய்க்கால்கள். ஐந்தாம் நாள் சாலை வழியாக பாகேர்ஹாட் பார்த்துவிட்டு குல்னா. ஆறு, ஏழு, எட்டாம் நாள்கள் சுந்தரவனச் சதுப்புநிலக் காடு. ஒன்பதாம் நாள் பத்மா பாலம் வழியாக டாக்கா. பத்தாம் நாள் விமானம். காக்ஸ் பஜாரையும் ஸ்ரீமங்கலையும் விட்டுவிட்டேனே என்று கேட்பீர்கள். கடற்கரையோரம் வளர்ந்தவர்களுக்கு காக்ஸ் பஜார் நீளத்தில்தான் வியப்பு. வால்பாறையும் நீலகிரியும் பார்த்தவர்களுக்கு ஸ்ரீமங்கலின் தேயிலைத் தோட்டமும் புதிதல்ல. பக்கத்தில் லாவாசாரா காட்டிலுள்ள ஹூலக் குரங்குகளுக்காக வேண்டுமானால் போகலாம். ரங்காமாட்டி, பந்தர்பன் போன்ற மலை மாவட்டங்களுக்கு வெளிநாட்டவர் முன் அனுமதி வாங்க வேண்டும்; முதல் பயணத்தில் அந்த அலைச்சல் வேண்டாம். தமிழ்நாட்டில் எங்குமே கிடைக்காதது பரிசால், சுந்தரவனப் பக்கத்து அந்த ஆற்றுக் கழிமுகம்தான்.

டாக்காவில் எங்கே தங்குகிறீர்கள் என்பது முக்கியம். குல்ஷன், பனானி பகுதிகள் அமைதியானவை, நல்ல ஹோட்டல்கள் உண்டு. ஆனால் நீங்கள் பார்க்கப் போகும் பழைய டாக்கா அங்கிருந்து நெரிசல் நேரத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஃபார்ம்கேட், காரவான் பஜார் பக்கம் தங்கினால் மெட்ரோ நிலையம் காலடியில். உத்தராவிலிருந்து மோத்திஜீல் வரை ஓடும் அந்த ஒரே தடம்தான் சாலை நெரிசலிலிருந்து உங்களைக் காப்பாற்றப் போகிறது. 2022 டிசம்பரில் பாதியும் 2023 நவம்பரில் மீதியும் திறந்தது. தொடங்கியபோது வைத்த கட்டணம் 20 முதல் 100 டக்கா வரை. பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. விமான நிலையத்திலிருந்து வரும்போது காரை எடுத்துக்கொண்டு உயர்மட்ட விரைவுச் சாலை வழியாக வரச் சொல்லுங்கள். சிஎன்ஜி எனப்படும் பச்சை ஆட்டோவுக்கு அந்தச் சாலையில் அனுமதி இல்லை. அது கீழே நெரிசலில்தான் ஊர்ந்து வரும்.

பழைய டாக்காவுக்கு மோத்திஜீலில் இறங்கி ரிக்‌ஷா. ஒரே நாளில் லால்பாக் கோட்டை, ஆசான் மன்சில் அரண்மனை, ஆர்மேனியத் தேவாலயம், தாரா மசூதி என்று எல்லாவற்றையும் முடித்துவிட முயலாதீர்கள். ஆசான் மன்சிலுக்கு வியாழன் விடுமுறை, வெள்ளியன்று பிற்பகலில்தான் திறக்கும். லால்பாக்குக்கு ஞாயிறு விடுமுறை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் கிழமை பார்த்துப் போங்கள். நேரம் இருக்கிற மட்டும் ஷாங்காரி பஜாரில் செலவழியுங்கள். ஒரு ரிக்‌ஷா போனால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. வீடுகள் முகப்பில் ஒரு கடை அகலம்தான், உள்ளே ரயில் பெட்டிபோல நீண்டுகொண்டே போகும். அங்கே தலைமுறை தலைமுறையாகச் சங்கை அறுத்து வளையல் செய்கிறார்கள். வங்காளத்து இந்துப் பெண்களுக்கு அந்த வெள்ளைச் சங்கு வளையல்தான் தாலிக்குச் சமம். நம் மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு நூற்றாண்டுகளாக வங்காளத்துக்குக் கப்பலேறியது இந்தக் கைகளுக்காகத்தான். அறுத்த வளையத்தின் உள் விளிம்பைத் தேய்க்கும்போது மாவுபோல வெள்ளைத் தூள் பறக்கும். தொழிலாளியின் புருவம்வரை அது படிந்திருப்பதைப் பார்க்கலாம். வளையல் வாங்கினால் இணைப்பே இல்லாத முழு வளையமாகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்தவற்றில் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கும். பல்கலைக்கழகப் பக்கம் ஷஹீத் மினாரையும் பார்த்துவிடுங்கள். 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவிடம் அது. அதன் பொருள் தமிழருக்கு விளக்கித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் சதர்காட். புரிகங்கை ஆற்றின் படித்துறை அது. மூன்று நான்கு மாடி லாஞ்சுகள் மூக்கைக் கரையில் முட்டிக்கொண்டு வரிசையாக நிற்க, இடையில் சிறு துடுப்புப் படகுகள் ஆளேற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடும். பரிசால் லாஞ்ச் இரவு எட்டு, ஒன்பது மணி வாக்கில் கிளம்பி விடியற்காலை போய்ச் சேரும். 2022 ஜூனில் 6.15 கிலோமீட்டர் பத்மா பாலம் திறந்தபின் பலர் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள், லாஞ்சுகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அதனால் அன்று எந்த லாஞ்ச் ஓடுகிறது என்பதை முந்தைய நாளே ஹோட்டல்காரரைக் கொண்டு விசாரித்து, இரண்டு படுக்கை உள்ள கேபின் ஒன்றைப் பதிந்துவிடுங்கள். டெக்கில் விரிப்பு விரித்துப் படுக்கலாம்தான். பெட்டி படுக்கையோடு முதல்முறை போகிறவர்களுக்குக் கேபின்தான் சரி. மதியத்துக்குப் பின் அந்தப் பக்கச் சாலைகள் அடைத்துக்கொள்ளும், நான்கு மணிக்கே கிளம்புங்கள். ஏறியதும் மிதவைகள் எங்கே மாட்டியிருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை நாலு மணிக்கே போய்ச் சேர்ந்தாலும் பதறி இறங்க வேண்டாம். விடியும்வரை கேபினிலேயே படுத்திருக்க விடுவார்கள். கடும் பனி இருந்தால் லாஞ்ச் நடுவில் நின்று மூன்று நான்கு மணி நேரம் தாமதமாகும். அதற்காகத்தான் நான்காம் நாளில் பெரிதாக எதையும் வைக்கவில்லை. பரிசாலில் ஒரு சிறு படகை அரை நாளுக்குப் பேசிக்கொண்டு வாய்க்கால்களில் போனால் போதும். படங்களில் பார்க்கும் கொய்யா மிதவைச் சந்தை ஜூலை முதல் செப்டம்பர் வரைதான். டிசம்பரில் அதைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பரிசாலிலிருந்து குல்னா போகும் சாலையில்தான் பாகேர்ஹாட் வருகிறது. 15ஆம் நூற்றாண்டில் கான் ஜகான் அலி எழுப்பிய ஷாட் கும்பஜ் மசூதி அங்கே. பெயருக்கு அறுபது குவிமாடம், எண்ணினால் கூரைமேல் 77, மூலைக் கோபுரங்களையும் சேர்த்தால் 81. அறுபது என்பது உள்ளே இருக்கும் ஒல்லியான கல்தூண்களின் கணக்கு. நடு வரிசையிலுள்ள ஏழு மட்டும் உருண்டையாக இல்லாமல் வங்காளத்துக் குடிசைக் கூரைபோல இருப்பதைக் கவனியுங்கள். அவருடைய கல்லறைக்கு முன்னுள்ள குளத்தில் முதலைகள் உண்டு. பழைய வம்சம் அருகிப்போனதால் 2005இல் சென்னை முதலைப் பண்ணையிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். படிக்கட்டில் நீருக்குப் பக்கம் இறங்க வேண்டாம்.

சுந்தரவனத்தைத் தனியாகப் போய்ப் பார்க்க முடியாது, இந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஏற்பாட்டாளர் தேவை. குல்னாவிலிருந்தோ மோங்லாவிலிருந்தோ கிளம்பும் படகில் மூன்று நாள் இரண்டு இரவு என்பது வழக்கமான கணக்கு. வனத்துறை அனுமதி, துப்பாக்கி ஏந்திய காவலர், சாப்பாடு, படுக்கை எல்லாம் அதில் அடக்கம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு, பேசும்போது "அனுமதிக் கட்டணமும் சேர்த்தா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டு, விசா நகல்களை முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருக்கும். ஒரே நாளில் போய்வரலாம் என்று மோங்லாவில் கூப்பிடுவார்கள். அது கரம்ஜல் வரைதான், காட்டின் வாசற்படியைத் தொட்டுவிட்டுத் திரும்புவது. கட்கா, கச்சிகாலி போகும் படகாகப் பாருங்கள். புலியைப் பார்ப்போம் என்று போகாதீர்கள், மிக அரிது. புள்ளிமான், நீர்நாய், ஆற்று ஓங்கில், மீன்கொத்தி வகைகள், சேற்றில் பதிந்த புலியின் கால்தடம் இவைதான் கிடைக்கும். பெரிய படகை நிறுத்திவிட்டு அதிகாலையில் சிறு படகில் வாய்க்காலுக்குள் துடுப்புப் போட்டுக் கூட்டிப்போவார்கள். தண்ணீர் வடிந்த நேரத்தில் இரு கரையிலும் சேற்றைப் பிளந்துகொண்டு ஆணிபோல நிற்கும் மூச்சுவேர்கள், அவற்றினிடையே ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் செந்நண்டுகள், துடுப்பு நீரைத் தொடும் சத்தம். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் பேசாமல் இருங்கள். பெரும்பாலான இடத்தில் கைபேசி சிக்னல் இருக்காது, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இரவில் ஆற்றுக் காற்று குளிரும். ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டும். சேற்றில் நடக்கக் கழுவிக்கொள்ளக்கூடிய, பின்வார் உள்ள செருப்பு எடுத்துப் போங்கள்.

இனிச் சைவம். கிடைக்கும், ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். "காய்கறி" என்று கேட்டால் சுரைக்காயில் இறால் கிடக்கும், பருப்பில் மீன் தலை இருக்கும், பிசைந்த பொர்தாவில் கருவாடு கலந்திருக்கும். அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள். அங்கே இறாலும் கருவாடும் காய்க்குச் சுவை கூட்டும் பொருள். ஆகவே பெயர் பெயராகச் சொல்லி மறுக்க வேண்டும்: மாச் (மீன்), மாங்ஷோ (கறி), டிம் (முட்டை), சிங்ரி (இறால்), சுட்கி (கருவாடு) "நா". வங்க எழுத்தில் இதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. பழைய டாக்காவில் ஷாங்காரி பஜாருக்கு அடுத்த தாந்தி பஜாரில் இந்துக்கள் நடத்தும் சைவச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு; "நிராமிஷ்" என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். மற்ற இடங்களில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொர்தா, உருளைக்கிழங்குப் பொர்தா, கீரை என்று சாப்பாடு முடிந்துவிடும். பொர்தா என்பது சுட்ட கத்தரிக்காயை வெங்காயம், வறுத்த மிளகாய், பச்சைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைவது. நல்லெண்ணெய் நாக்குக்கு அந்தக் கடுகெண்ணெய்க் காரம் முதல் இரண்டு நாள் மூக்கில் ஏறும், பிறகு பிடித்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடாமல் பொர்தா, கீரை, கடைசியில் பருப்பு என்று ஒவ்வொன்றாகச் சோற்றோடு சாப்பிடுவது அவர்கள் முறை. படகுச் சமையல்காரருக்குச் சைவம் என்பதைப் பதியும்போதே சொல்லுங்கள். ஒரு டப்பா பருப்புப் பொடி எதற்கும் இருக்கட்டும். நீங்கள் மீன் சாப்பிடுவீர்களானால் இலிஷ் (ஹில்சா) மீனில் பேட்டி எனப்படும் வயிற்றுத் துண்டைக் கேளுங்கள். முதுகுத் துண்டில் முடிபோன்ற முள் ஏராளம். தண்ணீர் மூடி உடையாத பாட்டிலில் மட்டும். கேட்கும்போது கொல்கத்தா வழக்கப்படி "ஜல்" என்று கேட்க வேண்டாம், அங்கே "பானி". தெருவோரச் சாயா கெட்டிப்பாலில் போடுவது, அதிலேயே சர்க்கரை இருக்கும்.

பாதுகாப்பில் எது உறுதி, எது நாளுக்கு நாள் மாறுவது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உறுதியானது: பயணிகளைக் குறிவைத்துத் தாக்குவது அங்கே அரிது, தொல்லை பெரும்பாலும் வருவது திருட்டிலும் போக்குவரத்திலும்தான். ரிக்‌ஷாவில் போகும்போது கைபேசியை வெளியே நீட்டிப் படம் எடுத்தால் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். சிஎன்ஜிக்குக் கம்பிக்கூண்டுக் கதவு இருப்பது இதனால்தான், தாழ் போட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் முன்பின் தெரியாதவர் தரும் இளநீர், பிஸ்கட், சாயா எதையும் வாங்காதீர்கள். மயக்க மருந்து கலந்து கொடுத்துப் பறிக்கும் கும்பலுக்கு "ஒக்யான் பார்ட்டி" என்று பெயரே உண்டு. வீட்டுக்கு அழைத்துக் கொடுக்கும் விருந்து வேறு, ஓடும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நீட்டுவது வேறு. டெங்கு இன்னொரு உறுதியான ஆபத்து. 2023இல் மட்டும் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். டிசம்பரில் குறையும், ஒழிவதில்லை. கொசு மருந்து தடவுங்கள். டாக்காவின் குளிர்காலக் காற்று மிக மோசம், இருவரில் யாருக்காவது இளைப்பு இருந்தால் முகக்கவசமும் மருந்தும் கட்டாயம்.

மாறுவது அரசியல். ஊர்வலமும் ஹர்த்தாலும் அறிவித்த மறுநாளே நடக்கும், சாலைப் போக்குவரத்து நின்றுபோகும். டாக்காவில் ஷாபாக், பல்டன், பிரஸ் கிளப் பக்கம் கூட்டம் கூடினால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். இந்தியர் என்பதால் இப்போது எப்படி நடத்துவார்கள் என்ற கேள்விக்கு, டெல்லி–டாக்கா உறவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கிளம்பும் வாரத்துச் செய்திகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அங்கே போய் எந்தக் கட்சியைப் பற்றியும் கருத்துச் சொல்லாதீர்கள். "சென்னை" என்று சொன்னால் பேச்சு பெரும்பாலும் அரசியலுக்குப் போகாது, வேலூருக்குப் போகும். சிகிச்சைக்காக வேலூருக்கும் சென்னைக்கும் வந்துபோன உறவினர் இல்லாத குடும்பம் அங்கே குறைவு. வெளியூர் முகத்தைக் கண்டால் பத்துப் பேர் சுற்றி நின்று உற்றுப் பார்ப்பார்கள், படம் எடுக்கக் கேட்பார்கள். அது கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் களைப்பு வரும். மனைவி சல்வார் கமீஸும் துப்பட்டாவும் போட்டுக்கொண்டால் பார்வை பாதியாகக் குறையும். திருமணச் சான்றிதழ் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், சிறு ஊர் ஹோட்டல்களில் கேட்கலாம். சில மலிவு ஹோட்டல்கள் வெளிநாட்டவரை ஏற்பதில்லை, பதியும் முன் கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு மாலை உட்கார்ந்து வங்க எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பஸ் எண், விலைப்பலகை எல்லாம் அதில்தான். ஆங்கில 8 போலத் தெரிவது அங்கே 4. 9 போலத் தெரிவது 7. இந்த இரண்டில்தான் எல்லாரும் தவறுவார்கள். ரயில் ஏற நேர்ந்தால், பெட்டிகளுக்கும் எண் இல்லை, க, க்க, க, க்க என்று நம் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும் நான்கு எழுத்திலிருந்து தொடங்கும் வரிசை; டிக்கெட்டைக் காட்டிக் கேட்டுவிட்டு ஏறுங்கள். விலை கேட்க "கொதோ?". ரிக்‌ஷாக்காரரையும் சாயாக் கடைக்காரரையும் டாக்காவில் "மாமா" என்றே கூப்பிடுகிறார்கள். தாயின் உடன்பிறந்தவர் என்ற அதே பொருள்தான், தயங்காமல் கூப்பிடலாம். ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள், இறங்கியபின் பேசினால் சண்டைதான்.

குல்னாவிலிருந்து டாக்கா திரும்பும் பஸ் பத்மா பாலத்தைத் தாண்டும்வரை வேகமாக வரும். நகர எல்லையில் நெரிசல் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் மீதி. காலை பஸ்ஸையே பிடியுங்கள். மறுநாள் விமானம் காலையில் என்றால், பனி இருக்கிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மீந்த டக்காவை அங்கேயே மாற்றிவிட வேண்டும். சென்னையில் அதை வாங்குவோர் அநேகமாகக் கிடைக்க மாட்டார்கள்.